ஏரியில் வால்ஐ மீன் குஞ்சு விட வீட்டுக்கு 150 டாலர் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

#1 ஏரிக்கரை முத்து

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இங்கே வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மினசோட்டாவில் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் ஒரு ஏரிக்கரையில் மூன்று வருடத்துக்கு முன் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். ஏரி நானூறு ஏக்கர் சொச்சம். ஜூலையில் பாண்டூன் படகும் ஜெட் ஸ்கீயுமாகத் தேர்த் திருவிழா போல இருக்கும். ஜனவரியில் அதே இடத்தில் ஐஸ் மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கரையோர வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம்.

போன வாரம் சங்கத்திலிருந்து மின்னஞ்சல். ஏரியில் வால்ஐ குறைந்துவிட்டதாம். தனியார் பண்ணையில் விரல் நீளக் குஞ்சு வாங்கி அக்டோபரில் விடப் போகிறார்களாம். வீட்டுக்கு 150 டாலர். கட்டாயம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். யார் யார் கொடுத்தார்கள் என்று ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் வரி மாதிரிதான்.

மூன்று கோடையில் நான் கண்ட வால்ஐ மொத்தம் ஒன்று. அதுவும் பக்கத்து வீட்டுப் பெரியவர் படகில், அவர் தூண்டிலில். அதனால் மீன் குறைந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பணம் பெரிய விஷயம் இல்லை. வேலைக்கு ஆகுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பனிக்கூடாரம்

150 டாலருக்குக் கடையில் எத்தனை கிலோ வால்ஐ வரும் என்று கணக்குப் போட்டீர்களா? கனடாவில் பிடித்ததாக இருக்கும், ஆனால் முள் எடுத்துக் கொடுப்பார்கள். கொசுக்கடியும் கிடையாது.

#3 வேடிக்கை பார்ப்பவன்

திருச்சியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். வால்ஐ என்றால் என்ன மீன்? நம் ஊரில் எதற்குச் சமம்?

#4 தூண்டில்காரன்

திருச்சி நண்பருக்கு: பெர்ச் குடும்பத்து நன்னீர் மீன். நம் வஞ்சிரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பைச் சொல்கிறேன், உறவு எதுவும் கிடையாது. வெள்ளைச் சதை, வாடை இல்லை, முள் தொந்தரவு குறைவு. மினசோட்டாவின் மாநில மீனும் அதுதான். கண்ணுக்குள் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. ராத்திரி டார்ச் அடித்தால் தண்ணீருக்குள் இரண்டு தணல் துண்டு தெரியும்.

முத்து தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எத்தனை மணிக்குத் தூண்டில் போடுகிறீர்கள்? இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படகை எடுக்கிற ஆள் என்றால் மூன்று வருடத்தில் ஒரு வால்ஐ பார்த்ததே அதிகம். அது மங்கல் வெளிச்சத்தில் வேட்டையாடும் மீன். பொழுது சாயும் ஒரு மணி நேரம், விடிகிற ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் காற்றடித்து மேகம் மூடி அலை எழும்பும் நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும் நாளில் அது ஆழத்தில் படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நமக்குக் கிடைக்கவில்லை என்பதை வைத்து ஏரியில் மீன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் ஏரியில் ஏற்கெனவே மாநிலமே குஞ்சு விட்டுக்கொண்டிருக்கலாம். டிஎன்ஆர் என்று நாம் சொல்லும் இயற்கை வளத் துறை ஏறக்குறைய ஆயிரம் ஏரிகளில் வால்ஐ விடுகிறது. நாம் வாங்கும் உரிமக் காசு அதற்குத்தான் போகிறது. தூண்டில் கோல் வாங்கும்போது விலைக்குள் ஒளிந்திருக்கும் மத்திய வரியும் 1950 சட்டப்படி மாநிலங்களின் மீன்வளப் பணிக்கே திரும்பி வருகிறது. ஆக, ஒரு தடவை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், துறையே சொல்லும் கணக்கு. மினசோட்டாவில் பிடிபடும் வால்ஐயில் சுமார் 85 சதவீதம் தானாக முட்டையிட்டுப் பெருகும் ஏரிகளிலிருந்து வருகிறது. இவ்வளவு லாரி, முட்டை பொரிக்க இவ்வளவு ஜாடி, இவ்வளவு ஆள் வேலை எல்லாம் மிச்சச் சில்லறைக்கு.

லேக்ஃபைண்டர் என்று துறையின் பக்கம் இருக்கிறது. ஏரி பெயரைத் தட்டினால் எந்த வருடம் என்ன விட்டார்கள், வலை போட்டு எண்ணியபோது என்ன கிடைத்தது எல்லாம் வரும். அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

#5 சங்கரன்

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மீன் குறைவதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். மில் லாக்ஸ் ஏரியைப் பாருங்கள். பூர்வகுடிகள் முட்டையிடும் காலத்தில் வலை போட்டு வாருகிறார்கள். நமக்கு மட்டும் அளவு, எண்ணிக்கை, அபராதம். துறை அங்கே குஞ்சும் விடாதாம். 2015இல் ஆகஸ்ட் மாதமே வால்ஐ பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் கூடாரம், படகு வாடகை எல்லாம் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன்.

#6 விரலி

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள். இப்போது விஸ்கான்சினில் வேறு வேலை, ஆனாலும் மீன் விட்டுப் போகவில்லை.

சங்கரன் சார், உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழைக்கிறீர்கள்.

1837 ஒப்பந்தத்தில் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் நிலத்தைக் கொடுத்தார்கள், அந்த நிலத்தில் வேட்டையாடும் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. யாரும் சலுகை கொடுக்கவில்லை. விற்கும்போது கழித்துக்கொண்ட பங்கு அது. ஒவ்வொரு வருடமும் எவ்வளவு மீன் எடுத்தால் ஏரி தாங்கும் என்று கணக்கிட்டு, மாநிலமும் எட்டு ஒஜிப்வே குழுக்களும் பிரித்துக்கொள்கின்றன. அவர்கள் வலைக்கும் அளவு உண்டு, எண்ணியே எடுக்கிறார்கள்.

மில் லாக்ஸில் ஏன் குஞ்சு விடுவதில்லை என்பதுதான் முத்து சாருக்குத் தேவையான பாடம். 1,32,000 ஏக்கர் ஏரி அது, அதிகபட்ச ஆழம் 42 அடிதான். சுற்றிலும் கல்லும் சரளையும். வால்ஐக்கு அதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. முட்டை நிறைய, பொரிப்பும் நிறைய. முதல் கோடை முடியும்போது வலை இழுத்தால் குட்டி மீன் போதுமான அளவு இருக்கும். அதற்கப்புறம்தான் காணாமல் போகின்றன. இரண்டாவது, மூன்றாவது வயதை எட்டுவதில்லை. ஜீப்ரா மஸல் என்ற சிப்பி 2005இலும் முள்வால் நீர்ப்பூச்சி 2009இலும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன்பிருந்தே தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. தெளிந்த தண்ணீர் நமக்கு அழகு, மங்கல் வெளிச்சத்தில் வாழும் மீனுக்கு வீடு சுருங்குகிறது. குட்டிக்கு ஒளிய இடமில்லை. பெரிய வால்ஐயே சின்ன வால்ஐயைத் தின்னும். இந்த ஏரியில் லாரி லாரியாகக் குஞ்சைக் கொட்டினால் என்ன ஆகும்? தின்கிறவர்களுக்கு இன்னொரு பந்தி.

இப்போது ரெட் லேக். மேல் ரெட், கீழ் ரெட் இரண்டும் சேர்ந்து 2,80,000 ஏக்கருக்கு மேல், பெரும்பகுதி ரெட் லேக் ஒஜிப்வே மக்களின் நீர். எல்லாத் தரப்பும் அளவில்லாமல் பிடித்து 1990களின் நடுவில் வால்ஐ கிட்டத்தட்டத் துடைத்துப் போனது. 1997இல் பூர்வகுடி மீனவர்கள் தாங்களே வலையை நிறுத்தினார்கள். 1999இல் மாநிலமும் தன் பகுதியை மூடியது. அந்த வருடம், 2001, 2003 என்று மூன்று தடவை அப்போதுதான் பொரித்த நுண்ணிய குஞ்சு விட்டார்கள், மொத்தம் 10 கோடிக்கும் மேல். ஏழு வருடம் யாரும் தொடவில்லை. 2006இல் திறந்தபோது ஏரி நிறைந்திருந்தது.

அங்கே தாய் மீன் இல்லை, மற்ற எல்லாமும் இருந்தது: இரை, இடம், சரளை. தொட்டிலில் குழந்தை இல்லாததுதான் குறை, அதனால் குஞ்சு விட்டது பலித்தது. மில் லாக்ஸில் தொட்டில் நிறையக் குழந்தை, வளர விடாத வீடு. ஒரே மாநிலம், ஒரே மீன், எதிரெதிர் முடிவு. எந்த வயதில் மீன் சாகிறது என்று தெரியாமல் குஞ்சு வாங்குவது, நோய் என்னவென்று பார்க்காமல் மாத்திரை வாங்குவது மாதிரி.

ஒரு சுவாரசியம். ரெட் லேக்கில் விட்ட குஞ்சுகளை முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாட்டிக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அது மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் படிந்துவிடும். பின்னாளில் பிடிபட்ட மீனின் காதுக்கல்லை எடுத்துப் புறஊதா ஒளியில் காட்டினால், விட்ட மீன் என்றால் வளையம் மின்னும், ஏரியிலேயே பிறந்தது என்றால் மின்னாது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

#7 சங்கரன்

ஒப்பந்த விஷயம் எனக்கு இவ்வளவு தெரியாது, சரி. வாடகைக் காசு போன வயிற்றெரிச்சலில் எழுதினேன். ஆனால் மில் லாக்ஸ் கரையில் படகுத் துறையும் விடுதியும் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மீன் கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள்.

#8 விரலி

அது நியாயம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

#9 ஏரிக்கரை முத்து

அடேயப்பா. 150 டாலர் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டீர்கள். நன்றி.

லேக்ஃபைண்டரைப் பார்த்தேன். தூண்டில்காரன் அண்ணன் சொன்னது சரி, மாநிலமே ஒன்றுவிட்டு ஒரு வருடம் எங்கள் ஏரியில் வால்ஐ குஞ்சு விட்டு வருகிறது. சங்க மின்னஞ்சலில் அது ஒரு வரி கூட இல்லை. கடைசியாக வலை போட்டு எண்ணிய அறிக்கையைப் படித்தேன். எனக்குப் புரிந்தவரை:

வால்ஐ இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி ஏரிக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு. கிடைத்தவை எல்லாம் நல்ல பெரியவை, நடுத்தர அளவே இல்லை. நார்தர்ன் பைக் என்ற வேட்டை மீன் அளவுக்கு மீறி இருக்கிறது, எல்லாம் ஒல்லிக் குச்சி. புளூகில் ஆயிரக்கணக்கில், உள்ளங்கையைவிடச் சின்னது. மஞ்சள் பெர்ச் ரொம்பக் குறைவு. கெண்டை கொஞ்சம்.

பத்து மணி விஷயம்: ஆமாம் அண்ணே. இட்லி இல்லை, தோசை.

#10 விரலி

முத்து சார், நீங்களே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். பெரிய வால்ஐ இருக்கிறது, நடுத்தரம் இல்லை. குஞ்சு உள்ளே போகிறது, வளர்ந்து மேலே வருவதில்லை. பைக் என்றால் நீளமான உடம்பு, வாத்து அலகு மாதிரி வாய், அது நிறையப் பல். ஏப்ரலில் ஐஸ் உடைந்ததும் முதலில் முட்டையிடுவது அதுதான், புல் முளைத்த ஆழமில்லாத ஓரத்தில். வால்ஐ அதற்குப் பின்னால், சரளைமேல். அக்டோபரில் நீங்கள் விடப்போகும் ஐந்து அங்குலக் குஞ்சு இந்தப் பைக்குக்குச் சரியான ஒரு வாய்.

பெர்ச் குறைந்தது இன்னொரு அடையாளம். வால்ஐயின் முக்கிய இரை பெர்ச். இரையே இல்லாத ஏரியில் அதிகமாகக் குஞ்சு விட்டால், மிச்சமிருக்கும் பெர்ச்சையும் அது முடித்துவிடும்.

சின்ன புளூகில் கதை தனி. ஜூன் வாக்கில் ஆண் மீன் ஓரத்து மணலில் தட்டு மாதிரி குழி பறித்து முட்டையைக் காவல் காக்கும். காலனி காலனியாக இருக்கும், நடைமேடையில் நின்றே பார்க்கலாம். அந்த நேரத்தில் நம் ஆட்கள் பெரிய ஆணாகப் பார்த்து வாளியில் போடுகிறார்கள். பெரிய ஆண் போய்விட்டால் சின்ன ஆண்களுக்கு வளர்ந்து பலம் காட்ட வேண்டிய தேவை இல்லை. சீக்கிரமே பருவத்துக்கு வந்து, வளர்ச்சி அதோடு நின்றுவிடும். அதனால்தான் பல ஏரிகளில் சன்னி என்று நாம் கூப்பிடும் இந்த மீனை எடுக்கும் எண்ணிக்கையை நாளைக்கு ஐந்து, பத்து என்று குறைத்திருக்கிறார்கள். இதற்கு எந்தப் பண்ணையிலும் குஞ்சு கிடைக்காது.

#11 மேடிசன் மீனா

விரலி அக்கா, எங்கள் மெண்டோட்டா ஏரியை விட்டுவிட்டீர்களே! குஞ்சு விடுவது தூண்டில்காரர்களுக்காக மட்டும் இல்லை என்பதற்கு இதுதான் ஊரறிந்த உதாரணம்.

மேடிசன் நகரத்தை ஒட்டி ஏறக்குறைய 9,800 ஏக்கர் ஏரி. சுற்றிலும் மாட்டுப் பண்ணை, சோள வயல். உரமும் சாணியும் இறங்கிக் கோடையில் பச்சைப் பாசி. 1987இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் மாநிலத் துறையும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். வால்ஐயும் பைக்கும் நிறைய விட்டால் அவை சின்ன மீனைத் தின்னும். சின்ன மீன் குறைந்தால் அது தின்னும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு பெருகும். டாஃப்னியா பாசியை மேயும். தண்ணீர் தெளியும். தண்ணீரைச் சுத்தம் செய்ய மீனை வேலைக்கு வைத்த மாதிரி.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே 1987 கோடையில் வெயில் தாங்காமல் சிஸ்கோ என்ற குளிர்நீர் மீன் பெருவாரியாகச் செத்தது. டாஃப்னியாவை அதிகம் தின்றதே அதுதான். விட்ட வால்ஐ வளர்ந்து வேலையைத் தொடங்கும் முன்பே வெயில் முந்திக்கொண்டது! ஆனாலும் பல வருடம் பெரிய டாஃப்னியா ஆட்சி செய்து தண்ணீர் தெளிவாக இருந்தது.

அப்புறம் 2009இல் முள்வால் நீர்ப்பூச்சி பெருகியது. கண்ணுக்குத் தெரிகிற அளவு உடம்பு, அதைவிட நீளமாக முள் வால். அது டாஃப்னியாவைத் தின்று தீர்த்தது, தண்ணீருக்குள் கண் எட்டும் தூரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைந்துவிட்டது. யாரோ ஒருவர் படகில் ஒட்டியிருந்த ஈரம்தான் காரணமாக இருந்திருக்கும்.

#12 நெறியாளர்

மீனா சொன்னதை ஒட்டி ஒரு நினைவூட்டல். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகின் வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், ஒட்டியிருக்கும் களையை உருவிப் போடுங்கள், மீதமான தூண்டில் மீனை ஏரியில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். மினசோட்டாவில் இது சட்டம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த தங்கமீனை ஏரியில் "விடுதலை" செய்வது பற்றிப் போன வருடம் ஒரு இழை ஓடியது, மறுபடி வேண்டாம்.

#13 குன்னூர்க்காரன்

கெண்டையை யாரும் பேசவில்லையே. முத்து சார் ஏரியில் இருக்கும் கெண்டை இந்த மண்ணின் மீன் கிடையாது. 1870களின் கடைசியில் மத்திய மீன் ஆணையம் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து குளத்தில் வளர்த்து, 1880களில் ரயிலில் ஏற்றி ஊர் ஊராக விநியோகம் செய்தது. கெண்டைக் குஞ்சு கேட்டு மனுக்கள் குவிந்தனவாம். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு அது ஊர் ஞாபகம். அரசாங்கமே பெருமையாக விட்ட மீன், இன்றைக்கு அதை ஒழிக்க அரசாங்கமே செலவு செய்கிறது. அடிச்சேற்றைக் கிளறும், நீர்ச்செடியைப் பிடுங்கும், தண்ணீர் குழம்பும்.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. எங்கள் நீலகிரிக்கும் 1939இல் இதே கெண்டையின் ஜெர்மன் வகை, இலங்கை வழியாக வந்தது. சிறு வயதில் ஊட்டி ஏரியில் பார்த்த அந்த வழவழத்த செதில் இல்லாத மீனை இங்கே பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பீட்டர் சோரன்சன் குழுவினர் கண்டுபிடித்த ஒன்று பிடித்திருந்தது. ஆழமில்லாத சின்னக் குட்டைகளில் குளிர்காலத்தில் ஐஸும் பனியும் மூடி ஆக்ஸிஜன் தீர்ந்து மீனெல்லாம் சாகும். வசந்தத்தில் கெண்டை அந்தக் காலிக் குட்டைக்குப் போய் முட்டையிடும். ஏன் தெரியுமா? அங்கே புளூகில் இல்லை. இருந்தால் கெண்டை முட்டையைப் பொறுக்கித் தின்றுவிடும். முத்து சார் ஏரியில் கெண்டை "கொஞ்சம்"தான் இருப்பதற்கு அந்த உள்ளங்கை புளூகில்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

#14 தூண்டில்காரன்

குன்னூர்க்காரரே, அருமை. சாப்பிட்டிருக்கிறேன், ஊட்டியில். இங்கே கெண்டை சாப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

குஞ்சு விடுவதை நாம் ரொம்பவும் திட்டிவிட்டோமோ என்று ஒரு உறுத்தல். ஏழெட்டு வருடம் முன்னால் ஏப்ரல் கடைசியில் துறை நடத்தும் கட் ஃபுட் சூ முட்டை நிலையத்தை நேரில் பார்த்தேன். ஓரத்தில் பனி இன்னும் கிடந்தது. ஓடையில் பொறி வைத்து ஏறி வரும் வால்ஐயைத் தொட்டியில் போடுகிறார்கள். ஒருவர் பெண் மீனை இடுப்போடு அணைத்து வயிற்றை மேலிருந்து கீழாகத் தடவுகிறார். இளமஞ்சள் ஜவ்வரிசி போல முட்டை பாத்திரத்தில் சரசரவென்று விழுகிறது. இன்னொருவர் ஆண் மீனை எடுத்து இரண்டு பீச்சு. இறகால் கலக்குகிறார்கள். முட்டை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் களிமண் கரைத்த தண்ணீர். முழுவதும் ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மீனைத் திரும்ப ஓடையிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு பெரிய மீனுக்கு லட்சத்துக்கும் மேல் முட்டை. ஜாடியில் அடியிலிருந்து தண்ணீர் விட்டு உருட்டிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். பொரித்த குஞ்சு கொசு அளவுதான், இரண்டு கண்ணும் ஒரு வாலும். அந்த அளவிலேயே ஏரிக்குப் போகிறது பெரும்பாலானது. கொஞ்சத்தை மட்டும் குட்டையில் வளர்த்து அக்டோபரில் வலை வைத்துப் பிடித்து விரல் நீளமாக விடுகிறார்கள். அதுதான் செலவு பிடிப்பது.

அந்தக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபிறகு, குஞ்சு விடுவது வீண் என்று ஒரே போடாகப் போட எனக்கு வாய் வராது. தானாகப் பெருகாத ஏரிகள் எத்தனையோ இவர்கள் தயவில்தான் இருக்கின்றன.

முத்து தம்பிக்கு என் யோசனை: பைக்கைத் தின்னுங்கள். நிஜமாகத்தான். உங்கள் பகுதியில் 2018இலிருந்து விதி மாறியிருக்கிறது: நாளைக்குப் பத்துப் பைக் எடுக்கலாம், 22 முதல் 26 அங்குலம் வரை இருப்பதைத் திரும்ப விட வேண்டும், 26க்கு மேல் இரண்டுதான். சின்னதை எடு, நடுத்தரத்தை வளர விடு என்று அர்த்தம். யாரும் எடுப்பதில்லை, முதுகோரம் கவட்டை முள் இருப்பதால். அதை நம்மவர்கள் கண்டு பயப்படலாமா? மஞ்சள் போட்டு அவித்து, உதிர்த்து, கவட்டை முள்ளைப் பொறுக்கிவிட்டுப் புட்டு செய்யுங்கள், சுறாப்புட்டு மாதிரி. என் மனைவி செய்தால் வெள்ளைக்கார நண்பர்கள் பாத்திரத்தை வழிக்கிறார்கள். பாதரசக் கணக்கிலும் சின்ன மீன் நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சுகாதாரத் துறை வைத்திருக்கும் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#15 ஏரிக்கரை முத்து

ஆண்டுக் கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நியாயம் இல்லை.

கைப்பேசியில் இந்த இழையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனேன். குஞ்சு விட வேண்டும் என்று முதலில் பேசியவர் எழுபது வயதுக்காரர், இந்தக் கரையிலேயே பிறந்தவர். அவர் அப்பாவோடு எந்தப் பாறைமேல் எந்த மாதம் வால்ஐ பிடித்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு முன்னால் எழுந்து வலை அறிக்கையைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்தேன். பைக், பெர்ச், வால்ஐ எல்லாம் சொன்னேன். யாரோ பின்னாலிருந்து "மூன்று வருடத்தில் நீ எத்தனை பிடித்தாய்?" என்று கேட்டார். சபை முழுக்கச் சிரிப்பு.

அப்புறம் துறையின் வட்டார அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் பேசினார். பொது ஏரியில் சங்கம் குஞ்சு விட அனுமதிச் சீட்டு வேண்டும், பண்ணையில் நோய்ச் சான்று வேண்டும், மாநிலம் விடும் வருடத்தில் கூடுதலாக விட்டால் பலன் இருக்காது, விடாத வருடத்தில் பரிசீலிக்கலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. பெர்ச் நாணலிலும் செடியிலும்தான் முட்டைச் சரத்தைச் சுற்றும், உங்கள் கரையில் நாணல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்கிய முதல் கோடையில், பிள்ளைகள் குளிக்க வசதியாக இருக்கட்டும் என்று எங்கள் ஓரத்து நாணலை நானே அரிவாளால் வெட்டிச் சுத்தம் செய்தேன். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதே அந்தக் கூட்டத்தில்தான் எனக்குத் தெரியும். நூறு வீட்டிலும் ஒரு முத்து இருந்திருப்பான்.

வாக்கெடுப்பில் குஞ்சு விடும் பக்கம் ஜெயித்தது, ஆனால் பாதிப் பணத்துக்கு. மீதியை நாணல் திரும்ப நடும் வேலைக்கு ஒதுக்கினார்கள். நான் 150 கொடுத்துவிட்டேன். பட்டியலில் பெயர் வாசித்தார்கள், தப்பாக.

#16 பனிக்கூடாரம்

என்னவென்று வாசித்தார்கள்?

#17 ஏரிக்கரை முத்து

மட்டு.

#18 ஏரிக்கரை முத்து

அக்டோபர் வந்துவிட்டதால் பழைய இழையை மேலே தூக்குகிறேன். அனுமதி கிடைத்து, நேற்று லாரி வந்தது.

படகு இறக்கும் சரிவில் இருபது பேர் நின்றோம். கையுறை போட்டும் விரல் விறைத்தது. லாரித் தொட்டியில் ஆக்ஸிஜன் குழாய் பொங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஏரித் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள், சூடு ஒத்துப்போக. அப்புறம் கைவலையால் அள்ளி வாளியில் போட்டு வரிசையாகக் கொடுத்தார்கள். என் வாளியில் ஒரு முப்பது குஞ்சு இருக்கும். தங்கமும் சாம்பலும் கலந்த நிறம், அந்த அளவிலேயே முதுகுத் துடுப்பில் முள், அந்த அளவிலேயே அந்தக் கண். எழுபது வயதுக்காரர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, வாளியைக் கவிழ்க்காமல் ஓரமாகச் சாய்த்தார். குஞ்சுகள் ஒரு நிமிடம் அவர் காலைச் சுற்றி நின்றுவிட்டு ஆழத்துக்குப் போயின.

என் வாளியைச் சாய்த்தபோது பத்தடி தள்ளி நடைமேடைக்கு அடியில் தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. யார் என்று உங்களுக்கே தெரியும். பெரியவரும் பார்த்தார். "உன் பைக்" என்றார் என்னிடம்.

பொழுது சாயும் நேரம் அந்த நடைமேடையிலிருந்து கரண்டித் தூண்டில் போட்டு மூன்று பிடித்தேன், எல்லாம் 20 அங்குலத்துக்குள். ஒன்றைப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தேன். மற்ற இரண்டும் இப்போது இட்லிப் பானையில் வேகின்றன. தூண்டில்காரன் அண்ணே, கவட்டை முள்ளைச் சூட்டோடு எடுக்க வேண்டுமா, ஆறவிட்டா?

#19 தூண்டில்காரன்

கை பொறுக்கும் சூட்டில் எடுங்கள். முழுசாக ஆறினால் சதையோடு ஒட்டிக்கொள்ளும். பூண்டைக் கஞ்சத்தனம் பண்ணாமல் போடுங்கள். என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், சோம்பு கொஞ்சம் என்கிறாள்.